வெர்ட்டிக்கல் இன்ஜெக்‌ஷன் மோல்டிங்: இன்செர்ட் வேலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பித்தளை நட்டு, டெர்மினல் பின், சென்சார் ஒயர், மூன்று முனை பிளக் போன்றவற்றை (இவைதான் இன்செர்ட்) மோல்டுக்குள் வைத்து, அதன் மேல் பிளாஸ்டிக் ஏற்றும் யூனிட்களுக்காக எழுதியது இது. கீழே வரும் வெப்பம், நேரம், அழுத்தம் எல்லாம் ட்ரையல் தொடங்குவதற்கான அளவுகள். நீங்கள் வாங்கும் கிரேடின் டேட்டா ஷீட் வேறு சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

வெர்ட்டிக்கல் மெஷினில் எது செங்குத்தாக இருக்கிறது? கிளாம்பா, பாரலா?

கிளாம்ப், அதாவது மோல்டை மூடி அழுத்தும் பகுதி. மோல்டு மேல் பாதி, கீழ் பாதி என்று படுத்திருக்கும். மேல் பிளாட்டன் (மோல்டைத் தாங்கும் தட்டு) இறங்கி வந்து மூடும். பாரல், அதாவது பிளாஸ்டிக்கை உருக்கி ஊசி போடும் குழாய், இரண்டு விதமாக அமையலாம். தலைக்கு மேல் செங்குத்தாக நின்று மேல் பாதியின் நடுவில் ஸ்ப்ரூ என்ற நுழைவுத் துளை வழியாக ஊசி போடுவது ஒரு வகை. பக்கவாட்டில் படுத்து, மோல்டின் இரு பாதிகள் சேரும் கோட்டில் (பார்ட்டிங் லைன்) ஊசி போடுவது இன்னொரு வகை.

மேலிருந்து வரும் வகையில் பல கேவிட்டிகளுக்கு (பொருள் உருவாகும் குழிகளுக்கு) சமமாக ரன்னர் (பிளாஸ்டிக் ஓடும் வாய்க்கால்) பிரிக்கலாம். ஆனால் மெஷின் உயரம் கூடும். ஹாப்பர் லோடர், மோல்டு தூக்கும் செயின் பிளாக் எல்லாம் சேர்த்து கூரை உயரத்தை முதலிலேயே அளந்துகொள்ளுங்கள். தகரக் கூரை ஷெட்டில் மெஷினை இறக்கிய பிறகு பாரலுக்குள் சுற்றும் ஸ்க்ரூவை வெளியே எடுக்க இடமில்லை என்று தெரிந்தால் திண்டாட்டம்தான்.

படுத்த மெஷினிலேயே இன்செர்ட் வைத்து ஓட்ட முடியாதா?

முடியும், பலர் ஓட்டுகிறார்கள். இன்செர்ட் பெரியது, மோல்டில் நன்றாகக் கவ்விப் பிடிக்கிறது, ஒரு ஷாட்டுக்கு (ஒரு தடவை ஊசி போடுவதற்கு) ஒன்றிரண்டுதான் என்றால் பிரச்சினை இல்லை. சின்ன டெர்மினல்கள் எட்டு, பத்து என்று வரும்போதுதான் சிக்கல். நிமிர்ந்து நிற்கும் மோல்டு முகத்தில் அவற்றைப் பக்கவாட்டில் சொருக வேண்டும். மோல்டு நகரும் குலுக்கலில் ஒன்று நழுவினாலும் அது இரண்டு பாதிக்கும் நடுவே சிக்கி, பார்ட்டிங் லைனில் பள்ளம் போட்டுவிடும். வெர்ட்டிக்கல் மெஷினில் கீழ் பாதி அசையாத மேஜை போல இருக்கிறது. வைத்த பொருள் தன் எடையிலேயே உட்கார்ந்துகொள்ளும்.

ஜெர்மனியின் ஆர்பர்க் நிறுவனம் 1954-ல் செய்த முதல் சிறு மெஷினே, கேமரா ஃபிளாஷ் கருவிகளுக்கான உலோக பாகங்களின் மேல் பிளாஸ்டிக் ஏற்றத்தான். அவர்களுடைய சொந்த உபயோகத்துக்காக உருவானது. விற்பனைக்கான தயாரிப்பு 1956-ல்தான் தொடங்கியது.

எந்த வேலைக்கு வெர்ட்டிக்கல் வேண்டாம்?

இன்செர்ட் இல்லாத மூடி, கப், கிளிப் வகைகளுக்கு வேண்டாம். படுத்த மெஷினில் எஜெக்டர் தள்ளியதும் பொருள் தானாகக் கீழே விழும். வெர்ட்டிக்கலில் கீழ் பாதியிலேயே கிடக்கும்; ஆள் எடுக்க வேண்டும், அல்லது ரோபோ எடுக்க வேண்டும்.

ஒற்றை டேபிள், ஷட்டில், ரோட்டரி: எதை வாங்குவது?

ஸ்டாப்வாட்ச் வைத்துக் கணக்குப் போட்டால் பதில் தானாக வரும். ஒரு வேலையில் இன்செர்ட் அடுக்க 14 விநாடி, பொருளை எடுக்க 5 விநாடி, ஊசியும் குளிர்ச்சியும் சேர்ந்து 18 விநாடி, மோல்டு திறந்து மூட 4 விநாடி என்று வைத்துக்கொள்வோம்.

ஒற்றை ஸ்டேஷனில் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும்: 41 விநாடி. ரோட்டரியில் ஒரு மேல் பாதி, இரண்டு கீழ் பாதி. ஒன்று உள்ளே ஊசி வாங்கும்போது மற்றதில் ஆபரேட்டர் எடுத்து அடுக்குவார். உள்ளே 22 விநாடி, வெளியே 19 விநாடி; நீளமானது 22. டேபிள் 180 டிகிரி திரும்ப 2 விநாடி சேர்த்தால் 24. அதாவது மணிக்கு ஏறக்குறைய 88 ஷாட்டாக இருந்தது 150 ஷாட்டாகிறது.

அடுக்கும் வேலை 4, 5 விநாடிதான் என்றால் ரோட்டரியால் பெரிய லாபம் இல்லை. ஒற்றை மெஷின் போதும். அடுக்க 40 விநாடி ஆகிறது என்றால் இன்னொரு விதமாகத் தோற்கும்: உள்ளே வேலை முடிந்து மெஷின் காத்திருக்கும், பாரலில் மெட்டீரியல் வெந்துகொண்டே இருக்கும். அங்கே ஒரு லோடிங் ஜிக் செய்து, எட்டு பின்களையும் வெளியே அடுக்கி ஒரே தடவையில் இறக்குவதுதான் வழி.

ஷட்டில் என்பது கீழ் பாதி இடம் வலமாகவோ முன்னும் பின்னுமாகவோ நகர்வது. நீண்ட ஒயர் தொங்கும் வேலைக்கு இது ரோட்டரியை விட நல்லது. சுற்றும் டேபிளில் ஒயர் சுருண்டு மாட்டிக்கொள்ளும். இன்னும் நீண்ட கேபிளுக்கு மூன்று பக்கமும் திறந்திருக்கும் சி-பிரேம் மெஷின் இருக்கிறது. டை பார் (பிளாட்டன்களை இணைக்கும் தூண்) குறுக்கே வராது. கேபிளைப் பக்கவாட்டில் விட்டுவிடலாம். டன் கூடும்போது சி-பிரேமின் வாய் சற்று விரியும் என்பதால் சின்ன டன்னேஜ் வேலைக்கு மட்டும்.

மோல்டை மூடிப் பிடிக்க எத்தனை டன் தேவை?

மேலிருந்து பார்க்கும்போது பிளாஸ்டிக் அடைக்கும் பரப்பை, ரன்னரையும் சேர்த்து, சதுர செ.மீ.-ல் கணக்கிடுங்கள். மெல்லிய சுவருள்ள 30 சதவீத கண்ணாடி நார் கலந்த நைலான் அல்லது பிபிடி (ஒரு வகை பாலியெஸ்டர் பிளாஸ்டிக்) என்றால் சதுர செ.மீ.-க்கு அரை டன். மென்மையான பிவிசி என்றால் 0.2 முதல் 0.3 டன்.

நான்கு கேவிட்டி, ஒவ்வொன்றும் 9 சதுர செ.மீ., ரன்னர் 8. மொத்தம் 44. நைலானுக்கு 22 டன். 20 சதவீதம் கூட்டினால் 26-க்கு மேல். 35 டன் மெஷின் சரி. "இருக்கட்டும்" என்று 85 டன் மெஷினில் போடாதீர்கள். சின்ன மோல்டை அதிக டன்னில் அழுத்தினால் ஏர் வென்ட் நசுங்கி அடைபடும், அதோடு இன்செர்ட் உட்காரும் விளிம்பும் மழுங்கும்.

ஸ்க்ரூ அளவு முக்கியமா?

டன்னை விட முக்கியம். இன்செர்ட் வேலையில் பிளாஸ்டிக் எடை எப்போதும் குறைவு. 60 கிராம் பாரலில் 12 கிராம் ஷாட் போட்டால், ஸ்க்ரூ பள்ளங்களில் இருப்பதையும் சேர்த்து உள்ளே சுமார் 120 கிராம் இருக்கும். அதாவது 10 ஷாட். சைக்கிள் 40 விநாடி என்றால் ஒரு துகள் உள்ளே நுழைந்து வெளியே வர 400 விநாடி, ஏறக்குறைய ஆறே முக்கால் நிமிடம். இவ்வளவு நேரத்தை பிவிசி தாங்குவது கஷ்டம். பிபிடி தாங்கும், ஆனால் ஆபரேட்டர் தண்ணீர் குடிக்கப் போய் வந்தால் அதுவும் உடையத் தொடங்கும். ஷாட் எடை பாரல் அளவில் 20 சதவீதத்துக்குக் கீழும் 80 சதவீதத்துக்கு மேலும் போகக் கூடாது. மெஷின் வாங்கும்போது அதே டன்னில் சின்ன ஸ்க்ரூ கிடைக்குமா என்று கேளுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று அளவுகள் கொடுப்பார்கள்.

இன்செர்ட்டுக்கு எவ்வளவு டாலரன்ஸ் வேண்டும்? சப்ளையர் "பிளஸ் மைனஸ் 0.1" என்கிறார்.

அதை ஒத்துக்கொள்ளாதீர்கள். வெர்ட்டிக்கல் வேலையில் பாதிக்கு மேற்பட்ட தொல்லை இங்கேதான் பிறக்கிறது. மெஷினையும் ஆபரேட்டரையும் குறை சொல்வதற்கு முன் இன்செர்ட்டை மைக்ரோமீட்டரில் வையுங்கள்.

எம்4 பித்தளை நட்டு ஒன்றைப் பார்ப்போம். உயரம் 8.00 மி.மீ. அடி முகம் கீழ் பாதியில் ஒரு பின்னின் மேல் சொருகி உட்காருகிறது, மேல் முகத்தை மேல் பாதி வந்து தொடுகிறது. ஒரு நட்டு 8.10 வந்தால் மோல்டு அதன் மேல் ஏறி நிற்கும். பார்ட்டிங் லைன் மூடாது, நான்கு கேவிட்டியிலும் பிசிறு அடிக்கும், அழுத்தத்தில் ஸ்டீலில் வட்டமாகத் தடம் விழும். அந்தத் தடம் இனி வரும் எல்லாப் பொருளிலும் தெரியும். 7.90 வந்தால் எதிர் வியாதி: மேல் முகத்துக்கு மேலே 0.1 மி.மீ. சந்து, அதில் நைலான் படலமாகப் பரவும், ஸ்க்ரூ பிடிக்கும் முகத்தில் உலோகத் தொடர்பே இருக்காது.

ஆகவே மோல்டு மூடும்போது பித்தளை 0.01 முதல் 0.02 மி.மீ. அமுங்கும்படி இருக்கை ஆழத்தை வைத்து, உயரத்தில் மொத்த வித்தியாசம் 0.03-க்குள் நிற்கும் நட்டைத்தான் வாங்க வேண்டும். அந்த விலைக்குக் கட்டுப்படியாகவில்லை என்றால் அடியில் இருக்கைப் பின்னுக்கு ஸ்பிரிங் கொடுங்கள். அது உயர வித்தியாசத்தை விழுங்கும். ஸ்பிரிங் வலு பிளாஸ்டிக் அழுத்தத்தை விடக் குறைவாக இருந்தால் நட்டு கீழே அழுந்திவிடும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

அடுத்தது துளை. எம்4 6ஹெச் (டாலரன்ஸ் வகுப்பு) மரையின் உள் விட்டம் 3.242 முதல் 3.422 வரை வரலாம் என்கிறது தர அளவு. மோல்டு பின் 3.22 என்று வைத்தால், குறைந்தபட்ச நட்டில் பக்கத்துக்கு 0.01 சந்து, அதிகபட்ச நட்டில் 0.10. நைலான் 66 நீர் போல ஓடும், 0.03 சந்து கிடைத்தாலே நுழைந்துவிடும். கேஜ் பாஸ் ஆகும் நட்டிலேயே மரைக்குள் பிளாஸ்டிக் ஏறுவது இதனால்தான். பின்னைப் பெரிதாக்கினால் சின்ன நட்டு உள்ளே போகாது. பின்னின் பக்கச் சந்தை நம்பாமல், நட்டின் அடி முகம் மோல்டில் தட்டையாக உட்காரும் அந்த வளையத்தையே அடைப்பாக வையுங்கள். அந்த முகத்தில் பர்ர் (வெட்டிய ஓரத்தில் நிற்கும் உலோகப் பிசிறு) இருக்கக் கூடாது, மோல்டு முகத்தில் ஒரு துளி தூசி இருக்கக் கூடாது. துளை இரண்டு பக்கமும் திறந்திருக்கத் தேவையில்லாத இடத்தில் ஒரு பக்கம் மூடிய நட்டு வாங்கிவிட்டால் பாதித் தலைவலி போய்விடும்.

இன்செர்ட்டை சூடாக்க வேண்டுமா?

மெல்லிய டெர்மினலுக்கு வேண்டாம். தடித்த பித்தளை, ஸ்டீல் புஷ் என்றால் வேண்டும், அதிலும் பாலிகார்பனேட் என்றால் கட்டாயம். குளிர்ந்த உலோகத்தைத் தொட்ட பிளாஸ்டிக் அந்த நொடியே உறைகிறது. வெளிப்பக்கம் இன்னும் சுருங்கிக்கொண்டிருக்கிறது. நைலான் 66 ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு சுமார் 80 மைக்ரான் சுருங்கும், பித்தளை 19 மைக்ரான்தான். உள்ளே உள்ள உலோகம் விட்டுக்கொடுக்காது, பிளாஸ்டிக் மோதிரம் போல இறுகி நிற்கும். பாக்ஸ் போட்டு அனுப்பி ஒரு வாரம் கழித்து விரிசல் வருவது இப்படித்தான். கண்ணாடி நார் சேர்த்தால் இந்த வித்தியாசம் வெகுவாகக் குறையும்.

மோல்டு வெப்பத்துக்கு அருகே, 80 முதல் 120 டிகிரிக்குச் சூடாக்கினால் போதும். ஹாட் பிளேட் மேல் தட்டில் அடுக்கி வைப்பது எளிய வழி. இன்செர்ட்டைச் சுற்றிய பிளாஸ்டிக்கின் வெளி விட்டம் இன்செர்ட் விட்டத்தைப் போல இரு மடங்காவது இருக்கட்டும். நர்லிங் (பிடிப்புக்காக இன்செர்ட்டில் வெட்டிய வரிகள்) முனைகள் கூர்மையாக இருந்தால் அந்தக் கூரிலிருந்தே விரிசல் கிளம்பும்.

எண்ணெயும் போக வேண்டும். டர்னிங், ஸ்டாம்பிங் எண்ணெய் ஒட்டியிருந்தால் பிளாஸ்டிக்கின் பிடி தளரும், ஓரத்தில் பழுப்புக் கோடு வரும். பாலிகார்பனேட்டில் அந்த எண்ணெயே விரிசலைத் தூண்டும். கழுவிய பிறகு வெறுங்கையால் தொடாதீர்கள்.

மூன்று முனை பிளக்கில் கேபிள் பிடுங்கிக்கொண்டு வருகிறது. ஏன்?

முதலில் கேபிளின் மேலுறையும் வெளியே ஏற்றும் மெட்டீரியலும் ஒரே குடும்பமா என்று பாருங்கள். பிவிசி மேல் பிவிசி ஒட்டும். குறுக்கிணைப்பு பாலிஎத்திலீன் உறை எதனுடனும் ஒட்டாது. ரப்பர் உறையிலும் பிவிசி நிற்காது. ஒட்டாத ஜோடி என்றால் உறையில் ஒரு கிரிம்ப் வளையம் போட்டு, பிளாஸ்டிக் அதன் பின்னால் சுற்றிக்கொள்ளும்படி செய்ய வேண்டும்.

ஒரே குடும்பமாக இருந்தும் கழன்றால் மெல்ட் (உருகிய பிளாஸ்டிக்) குளிர்ந்துபோய் வருகிறது என்று அர்த்தம். கேட்டை (பிளாஸ்டிக் கேவிட்டிக்குள் நுழையும் வாயை) பின் பக்கமாக வைத்து நீண்ட தூரம் ஓடவிட்டால் கேபிள் முனைக்கு வரும்போது தோல் உறைந்திருக்கும். அதற்காக கேட்டை நேராக ஒயருக்கு எதிரே வைத்தும் விடாதீர்கள். இன்சுலேஷன் உருகி, தாமிரம் இடம் மாறி, ஹை வோல்டேஜ் டெஸ்டில் போகும்.

நல்ல பிளக் இரண்டு தடவையாகத்தான் செய்யப்படுகிறது. முதலில் மூன்று பின்னையும் கிரிம்ப் செய்த இடங்களையும் கடினமான உள் கட்டையில் நிறுத்துவது, பிறகு மேலே மென்மையான பிவிசி. ஒரே ஷாட்டில் ஊற்றி மிச்சம் பிடிப்பவர்களுக்கு ஒயர் உள்ளே எங்கே போய் நின்றது என்று தெரியாது. ஒரு இழை தப்பிப் பக்கத்துப் பின் பக்கம் வளைந்திருந்தால் வீட்டில் ஒருவர் கையில்தான் அது தெரியவரும். பிளக்குகளுக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 1293 சொல்லும் டெஸ்ட்களை லாட்டுக்கு லாட் செய்யுங்கள். ஹை வோல்டேஜ் டெஸ்ட் மட்டும் ஒவ்வொரு பிளக்குக்கும்.

கேபிள் மோல்டை விட்டு வெளியேறும் வாயில், துளை கேபிள் விட்டத்தை விட 0.1 மி.மீ. போல சிறிதாக இருக்கட்டும். அதற்கு மேல் இறுக்கினால் உறையில் வெட்டு விழும். கேபிள் ரோலுக்கு ரோல் விட்டம் மாறும் என்பதால் புது ரோல் போட்டதும் வெர்னியர் வையுங்கள்.

ரோட்டரியில் ஒரு பக்கம் நல்ல பொருள், இன்னொரு பக்கம் பிசிறு. மெஷின் கோளாறா?

அநேகமாக இல்லை. இரண்டு கீழ் பாதி என்பது இரண்டு மோல்டு. மேல் பாதி ஒன்றாக இருப்பதால் நாம் ஒரே மோல்டு என்று நினைத்துக்கொள்கிறோம். முதலில் செய்ய வேண்டியது, இரண்டுக்கும் ஏ, பி என்று எழுத்தைக் கேவிட்டியிலேயே வெட்டுவது. பொருளைக் கையில் எடுத்ததும் எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டும். இல்லாவிட்டால் எவ்வளவு அளந்தாலும் கலவை எண்தான் கிடைக்கும்.

பிறகு இரண்டின் உயரத்தையும் ஒரே டயல் கேஜில் பாருங்கள். வித்தியாசம் 0.02 மி.மீ.-க்கு மேல் இருந்தால் உயரம் குறைந்த பக்கம் பிசிறு அடிக்கும். அடியில் காய்ந்த கிரீஸ், நசுங்கிய பிளாஸ்டிக் துணுக்கு இருந்தாலும் இதே விளைவுதான். அதைத் துடைக்காமல் ஷிம் (உயரம் சரிசெய்யும் மெல்லிய தகடு) போடத் தொடங்குபவர்கள் உண்டு.

உயரம் சரியென்றால் வெப்பம். இரண்டு பக்கத்துக்கும் தண்ணீர் தனித்தனி லைனில் போகிறதா, ரோட்டரி யூனியனில் (சுற்றும் டேபிளுக்குத் தண்ணீர் கொடுக்கும் இணைப்பில்) ஒரு பக்கம் அடைப்பா என்று பாருங்கள். மோல்டு முகத்தில் தொடு வெப்பமானியை வைத்து, ஒரு மணி நேரம் ஓடிய பிறகு அளவெடுங்கள். 5 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நைலான், பிபிடி இரண்டிலும் சுருக்கம் மாறி, ஸ்னாப் கொக்கி பொருந்தாமல் போகும். கடைசியாக கைடு பின்னும் டேப்பர் லாக்கும்: டேபிள் நிற்கும் இடத்தில் உள்ள சிறு தவறை அவை தினமும் இழுத்து நேராக்குகின்றன. ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால் டேபிளின் லொக்கேட்டிங் பின் தளர்ந்திருக்கிறது.

காயவைப்பது?

நைலான் 66: 80 டிகிரி, 4 மணி நேரம், டிஹ்யூமிடிஃபையர் டிரையரில், ஈரம் 0.2 சதவீதத்துக்குக் கீழே. சீக்கிரம் ஆகட்டும் என்று 110 வைத்தால் மஞ்சளாகும். பிபிடி: 120 டிகிரி, 4 மணி நேரம், ஈரம் 0.04-க்குக் கீழே. பிபிடி ஈரத்தோடு போனாலும் மேலே வெள்ளிக் கோடு தெரியாமல் நல்லபடியாகவே தோன்றும். ஆனால் உள்ளே மூலக்கூறுச் சங்கிலி அறுந்திருக்கும், ஸ்க்ரூ முறுக்கும்போது பாஸ் (ஸ்க்ரூ ஏறும் குமிழ்) பிளந்துவிடும். வெர்ட்டிக்கலில் ஷாட் எடை குறைவு என்பதால் பெரிய ஹாப்பரை நிரப்பினால் காய்ந்த மெட்டீரியல் மணிக்கணக்கில் காற்றில் கிடந்து மறுபடி ஈரம் வாங்கும். ஒரு மணி நேரத்துக்கானதை மட்டும் போடுங்கள். சென்னை போன்ற கடலோர ஊரில் இது வேடிக்கை விஷயமல்ல.

புது மோல்டை எப்படித் தொடங்குவது?

பாரல்: நைலான் 66 கண்ணாடி நார் வகைக்கு 275 முதல் 295, பிபிடிக்கு 245 முதல் 260, மென் பிவிசிக்கு 160 முதல் 180 டிகிரி. மோல்டு: நைலானுக்கு 80 முதல் 90, பிபிடிக்கு 60 முதல் 80, பிவிசிக்கு 25 முதல் 40.

இன்செர்ட் இல்லாமல் முதல் ஷாட் அடிக்காதீர்கள். இருக்கைத் துளைகளுக்குள் பிளாஸ்டிக் இறங்கிவிட்டால் பின்னைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். ட்ரையலுக்கென்று பழைய இன்செர்ட்களைத் தனி டப்பாவில் வைத்திருங்கள்.

ஹோல்டிங் அழுத்தத்தை (நிரம்பிய பிறகும் தொடர்ந்து கொடுக்கும் அழுத்தத்தை) பூஜ்யமாக்கி, மெதுவான வேகத்தில் 70 சதவீதம் நிரம்பும் அளவு ஊசி போடுங்கள். அந்தப் பாதிப் பொருளைக் கையில் வைத்துப் பாருங்கள்: மெல்ட் இன்செர்ட்டை எந்தப் பக்கத்திலிருந்து முட்டுகிறது, எங்கே இரண்டு அலை சேர்கிறது என்று அது காட்டிவிடும். சேரும் கோடு ஸ்க்ரூ முறுக்கும் பாஸின் மெல்லிய சுவரில் விழுந்தால் இப்போதே கேட்டை மாற்றுங்கள். கண்ணாடி நார் மெட்டீரியலில் அந்தக் கோட்டின் வலு பாதிக்கு அருகே இறங்கிவிடும். பிறகு 80, 90 என்று ஏற்றி 95 முதல் 98-ல் ஹோல்டிங்குக்கு மாற்றுங்கள். குஷன் (ஊசி முடிந்த பின் ஸ்க்ரூவுக்கு முன் மிஞ்சும் மெட்டீரியல்) 3 முதல் 6 மி.மீ.

ஹோல்டிங் நேரத்தை ஊகிக்க வேண்டாம். ஒவ்வொரு விநாடியாகக் கூட்டி, ரன்னரை நீக்கிப் பொருளை மட்டும் எடை போடுங்கள். எடை ஏறுவது நின்ற விநாடியில் கேட் உறைந்துவிட்டது. அதற்கு அரை விநாடி மேல் வையுங்கள்.

இன்செர்ட் சாய்ந்துபோகிறது.

வேகத்தைக் குறைப்பது முதல் எண்ணமாக வரும். சில சமயம் போதும். ஆனால் ஒரே பக்கத்திலிருந்து கேட் வைத்த நீண்ட பின் எந்த வேகத்திலும் சாயும். எதிரெதிராக இரண்டு கேட், அல்லது பின்னின் தலையை மேல் பாதியில் 1 முதல் 2 மி.மீ. ஆழக் குழியில் பிடிக்கும் ஏற்பாடு வேண்டும். ஸ்டீல் இன்செர்ட்டுக்கு இருக்கையில் சின்ன காந்தம் வைக்கலாம், பித்தளைக்குப் பயன்படாது. மேல் பாதி திறக்கும்போது பொருள் மேலேயே ஒட்டிக்கொண்டு போகிறது என்றால் மேல் பாதியின் டிராஃப்ட் கோணத்தை (பொருள் எளிதில் கழல வைக்கும் சுவர்ச் சாய்வை) கூட்டுங்கள். மேலே போன பொருளை ஆபரேட்டர் கை நீட்டி எடுக்கும் பழக்கம் ஆபத்தில் முடியும்.

நாசிலிலிருந்து (பாரலின் ஊசி முனையிலிருந்து) சொட்டுகிறது.

செங்குத்துப் பாரலில் புவியீர்ப்பு நமக்கு எதிரி. சொட்டிய துளி கீழே அடுக்கிய இன்செர்ட் மேல் விழும். சக் பேக் (ஸ்க்ரூவைச் சற்றுப் பின்னிழுப்பது) 3 முதல் 5 மி.மீ., நாசில் வெப்பத்தை 5 டிகிரி குறைப்பது, மெட்டீரியல் ஈரம் பார்ப்பது என்ற வரிசையில் போங்கள். சக் பேக்கை மிகையாக்கினால் காற்றை உறிஞ்சி வெள்ளிக் கோடு வரும். நைலானுக்கு ஷட்-ஆஃப் நாசிலே நிம்மதி.

ஒரு இன்செர்ட் வைக்க மறந்தால், அல்லது இரண்டு வைத்தால் மெஷின் நிற்குமா?

நீங்கள் ஏற்பாடு செய்தால் நிற்கும். மோல்டு பாதுகாப்பு அழுத்தத்தைக் குறைந்தபட்சத்தில் வைத்து, கடைசி சில மி.மீ. மெதுவாக இறங்கும்படி அமையுங்கள். ஒரு தடித்த அட்டையை இடையே வைத்து மூடிப் பாருங்கள். அதில் பதிவு விழாமல் மெஷின் திறந்துகொள்ள வேண்டும். இது இரட்டை இன்செர்ட்டைப் பிடிக்கும். இல்லாத இன்செர்ட்டைப் பிடிக்காது. அதற்கு ஒவ்வொரு இருக்கையிலும் பிராக்ஸிமிட்டி சென்சார், அல்லது டேபிள் திரும்பும் முன் படமெடுத்து ஒப்பிடும் கேமரா.

பாதுகாப்புக்கு இரு கை பட்டன் போதாதா?

பட்டன் அழுத்துபவரின் கையை மட்டும் அது காக்கும். பக்கத்தில் உதவிக்கு நிற்பவரின் கையைக் காக்காது. முன்னால் ஒளித்திரை வேண்டும், மற்ற பக்கங்களில் பூட்டிய கம்பி வேலி வேண்டும், சுற்றும் டேபிளின் ஓரமும் அதற்குள் அடங்க வேண்டும். இன்ஜெக்‌ஷன் மெஷின்களுக்கென்றே ஐஎஸ்ஓ 20430 என்ற பாதுகாப்புத் தரம் 2020-ல் வந்திருக்கிறது.

ஒளித்திரையை எவ்வளவு தூரத்தில் வைப்பது என்பதும் கணக்குதான். கை விநாடிக்கு 2000 மி.மீ. வேகத்தில் வரும் என்று கொள்ள வேண்டும். திரை மறைந்ததிலிருந்து பிளாட்டன் முழுதாக நிற்க 0.12 விநாடி ஆனால், 240 மி.மீ. தூரம். இது 14 மி.மீ. பொருளைக் கண்டுபிடிக்கும் திரைக்கு, 30 மி.மீ. திரை என்றால் இன்னும் 128 மி.மீ. கூட்டுங்கள். பழைய ஹைட்ராலிக் மெஷினில் வால்வு தேய்ந்து நிற்கும் நேரம் நீண்டிருக்கும். வருடம் ஒரு முறையாவது அளந்து தூரத்தைத் திருத்துங்கள்.

மேல் பாதி தலைக்கு மேல் தொங்குகிறது. மோல்டுக்குள் கை விட்டுச் சுத்தம் செய்யும் முன் பவரை அணைப்பது மட்டும் போதாது. ஆயில் அழுத்தம் இறங்கினால் பிளாட்டன் தானாக இறங்கலாம். மெக்கானிக்கல் தடுப்புக் கட்டை வைத்துவிட்டுத்தான் கை உள்ளே போக வேண்டும்.

பிவிசி ஓட்டிய பாரலில் அசிட்டால் (பிஓஎம் என்ற கடினமான பிளாஸ்டிக்) போடலாமா?

நேரடியாக ஒருபோதும் கூடாது. பிவிசி விடும் அமிலம் அசிட்டாலைச் சிதைத்து ஃபார்மால்டிஹைட் வாயுவாக்கும். பாரலுக்குள் அழுத்தம் ஏறி நாசில் வழியாகவோ ஹாப்பர் வழியாகவோ வெடித்துப் பீறிடும். நடுவில் பாலிஎத்திலீன் போட்டு நிறம் தெளியும்வரை பர்ஜ் செய்யுங்கள், அதாவது பழைய மெட்டீரியலைத் தள்ளி வெளியேற்றுங்கள். முடிந்தால் இரண்டுக்கும் தனித்தனி பாரல் வையுங்கள்.

ஷிஃப்ட் முடிந்து பிவிசி மெஷினை நிறுத்துவது எப்படி?

ஹாப்பரை மூடி, ஸ்க்ரூ வெறுமையாகும்வரை ஷாட் அடித்து, பாலிஎத்திலீன் ஓட்டி பிவிசி முழுதும் வெளியேறியதும் ஹீட்டரை அணையுங்கள். மேலிருந்து ஊசி போடும் மெஷினில் பர்ஜ் செய்யும் முன் கீழ் பாதியின் மேல் ஒரு தகடு வையுங்கள். கட்டி நேராக அங்கேதான் விழும். பிவிசி விடும் புகையே மோல்டைத் துரு ஏற்றும். அதனால் கேவிட்டியை எச்சம் போகத் துடைத்து, துருத் தடுப்பு ஸ்பிரே அடித்து, தண்ணீரை நிறுத்தி, மோல்டை உரசும் அளவுக்கு மட்டும் மூடி, கிளாம்ப் டன் ஏற்றாமல் விடுங்கள். மறுநாள் முதல் பத்து ஷாட்டில் அந்த ஸ்பிரே எண்ணெய் இன்செர்ட்டில் ஒட்டியிருக்கும். அவற்றைத் தனியாக எடுத்து அப்புறப்படுத்துங்கள், லாட்டில் சேர்க்க வேண்டாம்.